ஒரே கணினியில் இரண்டு டெபியன்

2025 மார்ச் 16ஆம் தேதி, படம் திருத்தும் செயலியான ஜிம்ப் 3.0 வெளிவந்தது. அதற்கு முந்தைய பெரிய வெளியீடான 2.10 வந்தது 2018 ஏப்ரலில். ஏழு ஆண்டுக் காத்திருப்பு. டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீட்டை வைத்திருந்தவர்களின் கணினியில் அன்றும் இருந்தது 2.10தான். அந்த வெளியீடு உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் அதுதான் இருக்கும். புதிய ஜிம்ப் வேண்டுமென்று துடித்தவர்களில் பலர் ஒரே வழியில் போனார்கள். களஞ்சியங்களின் பட்டியலைத் திறந்து, டெஸ்டிங் கிளைக்கு ஒரு வரி சேர்த்து, பொதிகளை நிறுவித் தரும் ஆப்ட்டிடம் ஜிம்ப்பை மட்டும் கேட்டார்கள்.

அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. கட்டளையை அடித்ததும் திரையில் வருவது ஒரு பொதியின் பெயரல்ல, ஒரு நீண்ட பட்டியல். அடியாழத்தில் கிடக்கும் சி லைப்ரரியிலிருந்து சாளரம் வரையும் ஜிடிகே வரை, அந்த ஜிம்ப் எதையெல்லாம் நம்பியிருக்கிறதோ அத்தனையும் புதிதாக இறங்கக் காத்திருக்கும். அதற்குக் கீழே சில சமயம் இன்னொரு பட்டியலும் வரும்: நீக்கப்பட இருப்பவை. பலர் அதைப் படிக்காமல் 'ஒய்' அழுத்திவிடுகிறார்கள்.

வெவ்வேறு வெளியீட்டுக் கிளைகளின் பொதிகளை ஒரே லினக்ஸில் கலந்து ஓட்டலாமா என்ற கேள்வி புதியதல்ல. கலக்கவே கூடாது என்பார் ஒருவர். பத்து ஆண்டாகக் கலந்துதான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மைதான், ஏனென்றால் இருவரும் பேசுவது வெவ்வேறு கலப்பைப் பற்றி. எதோடு எதைக் கலக்கிறோம், கலந்ததற்குப் பிறகு அதற்குப் பொறுப்பு யார் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. டெபியனை மையமாக வைத்துப் பேசுகிறேன். கிளைகளை இத்தனை வெளிப்படையாகப் பிரித்து வைத்து, கலப்பதற்கான கருவியையும் கையில் கொடுத்திருப்பது டெபியன்தான்.

கிளைகள் தரும் வாக்கு

டெபியனை 1993 ஆகஸ்டில் தொடங்கியவர் இயன் மர்டாக். அவருக்குப் பின் திட்டத்தை நடத்திய புரூஸ் பெரன்ஸ் பிக்ஸாரில் வேலை பார்த்தவர். அதனால் வெளியீடுகளுக்கு டாய் ஸ்டோரி படத்துப் பாத்திரங்களின் பெயர்கள் வந்தன: பஸ்டர், புல்ஸ்ஐ, புக்வார்ம், டிரிக்ஸி. வெளியீட்டுக்கு வெளியீடு பெயர் மாறும். அன்ஸ்டேபிள் கிளைக்கு மட்டும் எப்போதும் ஒரே பெயர், சிட். படத்தில் பொம்மைகளை உடைத்துப்போடும் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் அது.

புதிய பொதி முதலில் சிட்டில் இறங்கும். அங்கே சில நாள் கிடந்து, வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குப் புதிய பிழை எதுவும் இல்லை, அதன் சார்புகளும் கூடவே வர முடிகிறது என்றால் டெஸ்டிங்குக்கு நகரும். அவசரத்தைப் பொறுத்து இந்தக் காத்திருப்பு 2, 5 அல்லது 10 நாள். நகர்த்தும் வேலையைச் செய்வது பிரிட்னி என்ற நிரல். ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்டிங்கை உறையவைத்து, பிழைகளைக் களைந்து, ஸ்டேபிள் என்று அறிவிப்பார்கள். 2023 ஜூனில் புக்வார்ம் (டெபியன் 12) 64,419 பொதிகளோடும், 2025 ஆகஸ்டில் டிரிக்ஸி (டெபியன் 13) 69,830 பொதிகளோடும் அப்படித்தான் வந்தன.

ஸ்டேபிள் என்ற சொல்லை 'விழாதது' என்று புரிந்துகொள்கிறோம். டெபியன்காரர்கள் சொல்லும் பொருள் 'மாறாதது'. அந்த 69,830 பொதிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி ஒரே தொகுதியாகச் சோதிக்கப்பட்டவை. இனி அவற்றில் பாதுகாப்புத் திருத்தமும் கடும் பிழைகளுக்கான திருத்தமும் மட்டுமே வரும், நடத்தை மாறாது. இந்த வாக்கு மொத்தத் தொகுதிக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அதிலிருந்து ஒன்றை உருவிவிட்டு வேறு கிளையிலிருந்து ஒன்றைச் செருகியதும், அந்தச் சேர்க்கையை உலகில் வேறு யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். கலப்பவர் தம்மை அறியாமலேயே புதியதொரு லினக்ஸ் வழங்கலின் வெளியீட்டு மேலாளர் ஆகிவிடுகிறார். அந்த வழங்கலுக்குப் பயனர் ஒருவர்தான், அதைச் சோதிப்பவரும் அவர்தான். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். மற்றவை இதன் விவரங்கள்.

கலப்பு எங்கே உடைகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் சி லைப்ரரியில் போய் நிற்கும். டெபியன் 11இல் அந்த லைப்ரரியான ஜிலிப்சியின் பதிப்பு 2.31, 12இல் 2.36, 13இல் 2.41. பழைய ஜிலிப்சியை வைத்துத் தொகுத்த நிரல் புதியதன் மேல் ஓடும். மறுபக்கம் ஓடாது, 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்ற பிழைச்செய்தியோடு நின்றுவிடும். ஆகவே டெஸ்டிங்கில் தொகுத்த எதைக் கொண்டுவந்தாலும் அது டெஸ்டிங்கின் ஜிலிப்சியைக் கேட்பதற்கு எப்போதும் வாய்ப்புண்டு. ஜிலிப்சி மாறினால் கணினியில் ஓடும் ஏறத்தாழ எல்லாவற்றின் தரையும் மாறிவிட்டது என்று பொருள். பெர்லும் பைத்தானும் அடுத்த நிலை. டெபியன் 12இல் பைத்தான் 3.11, 13இல் 3.13. பைத்தானை மட்டும் மாற்றலாம் என்று போனால், அதற்கென்றே தொகுத்த நூற்றுக்கணக்கான பொதிகள் வாசலில் வரிசைகட்டி நிற்கும்.

'அதை மூடாதே'

2021இன் முற்பகுதியில், டெபியன் 11ஆன புல்ஸ்ஐ இன்னும் டெஸ்டிங்காக இருந்தபோது, ஒரு கல்லூரி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் இரவில் அழைத்தார். ஆய்வகச் சேவையகத்தில் அதற்கு முந்தைய வெளியீடான பஸ்டர். அதில் பைத்தான் 3.7தான் உண்டு. மாணவர்களுக்கு 3.9 வேண்டும்.

"அண்ணே, டெஸ்டிங்ல இருந்து பைத்தான் மட்டும்தான் போட்டேன். பாதியில நின்னுடுச்சு. இப்ப சூடோகூட ஓட மாட்டேங்குது."

"என்ன சொல்லுது?"

"லிப்கிரிப்ட்டைக் காணோம்னு சொல்லுது. பெர்லும் அதையேதான் சொல்லுது."

"ரூட்டா நுழைஞ்ச முனையம் ஏதாவது திறந்தே இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"அதை மூடாதே."

நடந்தது இதுதான். கடவுச்சொல்லைச் சரிபார்க்க உதவும் லிப்கிரிப்ட் பஸ்டர் வரை ஜிலிப்சி பொதிக்குள்ளேயே இருந்தது. அதன்பின் அதைத் தனிப் பொதியாகப் பிரித்தார்கள். பழைய ஜிலிப்சிக்குப் பதில் புதியது பிரிக்கப்படும்போது லிப்கிரிப்ட் கோப்பு போய்விடுகிறது. புதிய லிப்கிரிப்ட் பொதி அதற்கு முன்பே வந்திறங்கியிருந்தால் சிக்கலில்லை. வரிசை மாறினால் நடுவில் ஒரு கணம் கணினியில் அந்தக் கோப்பே இருக்காது. அந்தக் கணத்தில் நிறுவல் பெர்லைக் கூப்பிடுகிறது. பெர்லுக்கு லிப்கிரிப்ட் வேண்டும், அதனால் பெர்ல் எழவில்லை. பெர்ல் எழாததால் நிறுவல் நகரவில்லை. கடவுச்சொல் கேட்கும் எல்லா வழியும் அதே கோப்பைத் தேடுவதால் புதிதாக யாரும் உள்ளே நுழையவும் முடியவில்லை.

வேறொரு கணினியில் லிப்கிரிப்ட் பொதியை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, திறந்திருந்த அந்த ஒரே முனையத்தில் பொதியைக் கையால் பிரித்து, உள்ளிருந்த கோப்பை அதன் இடத்தில் நகலெடுத்து வைத்தோம். பிரிக்கும் கருவி பெர்லில் எழுதப்படாததால் தப்பித்தோம். பிறகு ஆப்ட்டை விட்டு, உடைந்ததைச் சரிசெய்யச் சொன்னதும் எழுந்துவிட்டது. அந்த முனையத்தை அவர் மூடியிருந்தால் லைவ் யுஎஸ்பி வைத்து எழுப்ப வேண்டியிருந்திருக்கும். அப்படி மாட்டியவர்கள் அந்த ஆண்டுகளில் உலகெங்கும் ஏராளம். டெபியன்காரர்கள் பின்னர் நிறுவல் வரிசையைத் திருத்தினார்கள். முழு வெளியீட்டு மாற்றத்தின்போது இப்படிப்பட்ட வழுக்கும் இடங்களைத் தேடித் தேடிச் சோதித்து வைப்பார்கள். அரைகுறைக் கலப்பின் எண்ணற்ற வடிவங்களை யாராலும் அப்படிச் சோதிக்க முடியாது.

எண்களின் பொருள்

ஆப்ட் கண்ணை மூடிக்கொண்டு கலப்பதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுக்கலாம். பின்னிங் என்று சொல்கிறார்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு களஞ்சியத்துக்கு 500. இலக்குக் கிளை என்று ஒன்றை அறிவித்தால் அதற்கு 990. கணினியில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் பதிப்புக்கு 100. சோதனைக்கென்றே இருக்கும் எக்ஸ்பெரிமென்டல் கிளைக்கு 1; கேட்டால் ஒழிய அது வராது. 1000ஐத் தொட்டால் இருக்கும் பதிப்பிலிருந்து பின்னோக்கி இறக்கவும் ஆப்ட் தயங்காது. எதிர்ம எண் கொடுத்தால் அந்தப் பொதிக்குத் தடை.

பலர் ஒரு உதாரணக் கோப்பை எங்கிருந்தோ நகலெடுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஸ்டேபிளுக்கு 990, சிட்டுக்கு 50. பார்த்தால் மிகக் கவனமான ஏற்பாடு போலத் தெரியும்: சிட் தானாக நுழையாது, நான் கேட்டால் மட்டும் வரும். இதற்குள் இருக்கும் பொறியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

சிட்டிலிருந்து ஒரு பொதியைக் கேட்டு வாங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவியதும் அந்தப் பதிப்புக்கு எண் 100. நாளை சிட்டில் அதன் அடுத்த பதிப்பு வருகிறது. அதற்கு எண் 50. 50ஐவிட 100 பெரிது, ஆகவே ஆப்ட் இருப்பதையே வைத்துக்கொள்ளும். சரி, ஸ்டேபிளில் அதே பொதியின் திருத்தம் வந்தால்? அதன் எண் 990தான், ஆனால் பதிப்பு பழையது. 1000க்குக் கீழே இருக்கும் எந்த எண்ணும் பின்னோக்கி இறக்காது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பொதி அப்படியே உறைந்துவிடும். தினமும் புதுப்பித்தாலும் எல்லாம் புதிதாக இருக்கிறது என்றே ஆப்ட் சொல்லும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 2024 மார்ச் 29ஆம் தேதி, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருப்பதை வெளியிட்டார். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து கணினியைக் கைப்பற்ற வழிசெய்யும் பின்வாசல். டெபியன் ஸ்டேபிளுக்குப் பாதிப்பில்லை. அதில் இருந்தது 5.4.1. டெஸ்டிங்கும் சிட்டும் பாதிக்கப்பட்டிருந்தன. எக்ஸ்இசட்டின் லைப்ரரியை அனேகமாக எல்லா டெபியனும் வைத்திருக்கும். பொதிகளை நிறுவும் டிபிகேஜியே அதை நம்பித்தான் இருக்கிறது.

டெபியன் உடனே பழைய நல்ல நிரலுக்குத் திரும்பியது. திரும்பிய விதத்தைக் கவனிக்க வேண்டும். பின்னோக்கி இறங்குவது டெபியனில் ஆதரிக்கப்படும் செயல் அல்ல என்பதால், 5.4.5இன் நிரலை எடுத்து அதற்கு '5.6.1+ரியலி5.4.5' என்று பெயர் வைத்தார்கள். எண்ணளவில் 5.6.1ஐ விடப் பெரியது. உள்ளே இருப்பது 5.4.5. சிட்டில் இருந்தவர்களுக்கு அடுத்த புதுப்பித்தலிலேயே அது வந்து சேர்ந்தது. மேலே சொன்ன 50 என்ற எண்ணோடு, வேறு ஏதோ பொதியின் சார்பாக அந்த லைப்ரரி சிட்டிலிருந்து ஏறிவிட்ட புக்வார்ம் கணினிக்கு அது வந்திருக்காது. ஸ்டேபிளின் 5.4.1உம் வராது. பாதுகாப்புக்காகவே போட்டதாக நினைத்த எண், திருத்தத்தை வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஆகவே கிளை கலப்பவருக்கு நான் முதலில் சொல்வது: இரண்டாம் கிளைக்கு 100க்குக் கீழே எண் கொடுக்காதீர்கள். 100 முதல் 499 வரை எதைக் கொடுத்தாலும் அது தானாக ஸ்டேபிளை மீறாது. அங்கிருந்து நீங்கள் கேட்டு வாங்கியதற்கு மட்டும் அங்கிருந்தே திருத்தம் வந்துகொண்டிருக்கும். 100 சரியாக வேலை செய்வதற்குக் காரணம், இருக்கும் பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே எண்ணில் நின்றால் ஆப்ட் புதியதை எடுக்கும் என்பதுதான். பின்னால் பார்க்கப்போகும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்துக்கு டெபியனே வைத்திருக்கும் எண்ணும் 100தான்.

அப்படிச் சரியாக அமைத்தாலும் ஒரு குறை தீராது. ஸ்டேபிளின் பாதுகாப்புத் திருத்தங்களைக் கவனிக்கத் தனிக் குழு இருக்கிறது. சிட்டில் திருத்தம் பொதியைப் பராமரிப்பவர் கையில். டெஸ்டிங்கில் திருத்தம் சிட் வழியாக நகர்ந்து வர வேண்டும். பெரிய மாற்றம் ஏதாவது நடுவில் அடைத்துக்கொண்டால் வாரக்கணக்கில் தாமதமாகும். பாதுகாப்பு என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால், நேற்றுப் பிறந்த பதிப்பை வைத்திருக்கும் டெஸ்டிங்தான் மூன்றிலும் பின்தங்கியது. புதியதென்றால் பாதுகாப்பானது என்று எண்ணி டெஸ்டிங்கிலிருந்து உலாவியை எடுப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எக்ஸ்இசட் பின்வாசல் வெளிவந்த அதே மாதங்களில் டெபியனில் இன்னொரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. 32 பிட் கணினிகளில் நேரத்தை எண்ணும் எண், 2038 ஜனவரி 19ஆம் தேதி நிரம்பி வழிந்துவிடும். அதைத் தவிர்க்க நேர எண்ணை 64 பிட்டாக்கி, பாதிக்கப்படும் நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பொதிப் பெயர்களில் 'டி64' என்ற வால் சேர்த்தார்கள். 64 பிட் கணினிகளில் புதிய பொதி பழைய பெயருக்கும் பதில் சொல்லும்படி அமைத்ததால் ஓரளவு சமாளிக்க முடிந்தது. 32 பிட் ஆர்ம் பலகைகளில் அந்தச் சலுகை இருக்கவில்லை. பழையதை நீக்காமல் புதியது வரவில்லை. அங்கே அப்போது சிட்டிலிருந்து ஒரு பொதியைக் கேட்டவரிடம், ஸ்டேபிளின் பாதியை நீக்கட்டுமா என்று ஆப்ட் கேட்டது. அந்தக் கேள்வி வரும்போது 'இல்லை' என்பதைத் தவிர வேறு நல்ல பதில் கிடையாது.

மற்ற வீடுகளில்

ஆர்ச் லினக்ஸில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே ஒரே ஓட்டம்தான், அரைகுறைப் புதுப்பித்தலுக்கு ஆதரவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். களஞ்சியப் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு ஒரு பொதியை மட்டும் நிறுவுவதே அங்கே கலப்புதான். நேற்றைய கணினியில் இன்றைய பொதி. ஆர்ச்சில் உடைந்துபோனது என்று சொல்பவர்களில் பலர் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஜென்டூ நேரெதிர். பொதிகளை நம் கணினியிலேயே தொகுப்பதால், சோதனை நிலைப் பொதியும் நம்மிடம் இருக்கும் ஜிலிப்சியை வைத்தே கட்டப்படும். ஒரு கோப்பில் பொதியின் பெயரை எழுதி 'இதற்கு மட்டும் சோதனைப் பதிப்பு' என்று சொல்லிவிடலாம். ஜென்டூகாரர்களுக்கு இது அன்றாடம். தொகுக்கும் நேரத்தை அவர்கள் விலையாகக் கொடுக்கிறார்கள். ஆல்பைனில் எட்ஜ் களஞ்சியத்துக்கு ஒரு அடையாளம் வைத்து, பொதியின் பெயரோடு அந்த அடையாளத்தையும் சேர்த்துக் கேட்டால் மட்டுமே அங்கிருந்து எடுக்கும். ஓப்பன்சூசேயின் சிப்பர், ஒரு பொதியை முதலில் கொடுத்தவர் யாரோ அவரிடமிருந்தே அடுத்த பதிப்பையும் எடுக்கும். கொடுப்பவரை மாற்ற வேண்டுமென்றால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எண்களை விட இந்த வழி மனித மனதுக்கு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வியின் வேரையே தொட்டது நிக்ஸ். ஈல்கோ டோல்ஸ்ட்ரா நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் ஆய்வாகச் செய்தது அது. அங்கே பொதுவான லைப்ரரிக் கோப்புறையே கிடையாது. ஒவ்வொரு பொதியும் தன் உள்ளீடுகள் அனைத்தையும் வைத்துக் கணக்கிட்ட ஒரு நீண்ட குறியீட்டின் பெயரில் தனிக் கோப்புறையில் உட்கார்ந்திருக்கும். தனக்கு எந்த ஜிலிப்சி வேண்டும் என்பதைத் தன் முகவரியோடு அது அறிந்திருக்கும். இரண்டு ஜிலிப்சிகள் ஒரே கணினியில் ஒன்றையொன்று தொடாமல் வாழும். நிலையான கிளையில் இருந்துகொண்டு நான்கு பொதிகளை மட்டும் அன்ஸ்டேபிளிலிருந்து எடுப்பது அங்கே விபத்தல்ல, வழக்கம். திரைக்காட்சி இயக்கிகள் மட்டும் இரு பக்கத்துக்கும் பொதுவாக நிற்பதால் அங்கே சில சமயம் உரசும். வட்டில் இடமும் கூடுதலாகத் தின்னும். ஆனாலும் கலப்பை முறையாகத் தீர்த்தது அதுவும் அதன் வழிவந்த கிக்ஸும்தான் என்பது என் கருத்து.

டெபியனிலிருந்து பிரிந்த வழங்கல்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். உபுண்டு, சிட்டிலிருந்து எடுத்துத் தனியே தொகுக்கிறது. காலி லினக்ஸ் டெஸ்டிங்கின் மேல் நிற்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான்; தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பலர் முதன்முதலாகப் பார்த்த லினக்ஸ் அதுவாக இருக்கும். எல்லாவற்றின் பொதியும் ஒரே வடிவம், ஒரே ஆப்ட். அதனால் ஒன்றின் களஞ்சியத்தை மற்றொன்றில் சேர்த்தால் என்ன என்று தோன்றும். உபுண்டுவின் தனிக் களஞ்சியங்களை டெபியனில் சேர்ப்பதும், உபுண்டுவில் காலியைச் சேர்ப்பதும் எல்லாக் கலப்பிலும் மோசமானவை. டெபியனின் கிளைகளுக்குள் ஒரே பொதி ஒரே வரிசையில் முன்னேறுகிறது. இங்கே ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொதிகள், பதிப்பு எண்ணை ஒப்பிடுவதற்கே பொருளில்லை.

கலக்காமல் பெறுவது

புதியது வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்குக் கலப்பைத் தவிர வழிகள் உண்டு. முதல் வழி பேக்போர்ட்ஸ். 2010இலிருந்து டெபியனின் அதிகாரப்பூர்வப் பகுதி. டெஸ்டிங்கில் இருக்கும் பொதியின் மூலநிரலை எடுத்து, ஸ்டேபிளின் லைப்ரரிகளை வைத்தே மறுபடி தொகுத்துத் தருகிறார்கள். நிரல் புதியது, தரை பழையது. அதன் பதிப்பு எண்ணின் வாலில் '~பிபிஓ12+1' என்பது போல இருக்கும். அந்த அலைக்கோடு அலங்காரமல்ல. டெபியனின் ஒப்பீட்டு விதிப்படி, அலைக்கோடு சேர்ந்த எண் அது இல்லாத எண்ணை விடச் சிறியது. அடுத்த ஸ்டேபிளுக்குப் போகும்போது அங்கிருக்கும் அதே பொதி தானாகவே பேக்போர்ட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புதிய மடிக்கணினி வாங்கி வைஃபை ஓடவில்லை என்பவருக்கு பேக்போர்ட்ஸின் கெர்னல் போதும். புக்வார்மின் சொந்தக் கெர்னல் 6.1, அதன் பேக்போர்ட்ஸில் 6.12 வரை கிடைத்தது. கெர்னல் ஜிலிப்சியின் மேல் நிற்பதில்லை என்பதால் இந்தக் கலப்பு மிகப் பத்திரமானது. பழைய கெர்னலும் துவக்கப் பட்டியலில் காத்திருக்கும்.

போஸ்ட்கிரஸ் போன்ற திட்டங்கள் ஒவ்வொரு டெபியன் வெளியீட்டுக்கும் தனித்தனியாகத் தொகுத்துத் தங்கள் களஞ்சியத்தில் வைக்கின்றன. அதுவும் இதே நியாயம்தான். வெளிக் களஞ்சியம் என்று கேட்டதும் பயப்பட வேண்டாம். எந்தத் தரையின் மேல் கட்டினார்கள் என்று கேளுங்கள். உங்கள் வெளியீட்டின் பெயரைச் சொன்னால் பாதி கவலை தீர்ந்தது.

மேசைச் செயலிகளுக்கு, செயலியையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் சேர்த்தே தரும் ஃபிளாட்பேக். தொடக்கத்தில் சொன்ன ஜிம்ப் 3.0, அதன் களஞ்சியமான ஃபிளாட்ஹப்பில் கிடைத்தது. புக்வார்மின் ஒரு லைப்ரரியையும் தொடாமல் ஓடும். சில ஜிபி இடம் போகும். முனைய வேலைகளுக்கும் நிரலாளர்களுக்கும் நான் பரிந்துரைப்பது டிஸ்ட்ரோபாக்ஸ். ஸ்டேபிளின் மேல் ஒரு கொள்கலனில் முழு சிட்டையும் எழுப்பி, உங்கள் வீட்டுக் கோப்புறையை அதற்குள் காட்டிவிடும். சிட் உடைந்தால் கொள்கலனை அழித்துவிட்டு இன்னொன்று எழுப்பலாம். அடியில் இருக்கும் கணினிக்குத் தெரியவே தெரியாது. இதே வேலையை முன்பு டெபூட்ஸ்ட்ராப்பையும் சிரூட்டையும் வைத்துக் கையால் செய்தோம். இன்று இரண்டு கட்டளைகள் போதும்.

இத்தனைக்குப் பிறகும் நேரடிக் கலப்புக்கு இடமிருக்கிறதா? இருக்கிறது, குறுகிய இடம். டெஸ்டிங்கை அடித்தளமாக வைத்து, சிட்டிலிருந்து அவசரத் திருத்தங்களை மட்டும் எடுப்பது நியாயமான கலப்பு. இரண்டுக்கும் இடைவெளி சில நாள்தான், லைப்ரரிகள் பெரும்பாலும் ஒன்றே, எடுத்ததும் சீக்கிரத்தில் டெஸ்டிங்குக்கே வந்துவிடும். பத்து ஆண்டாகக் கலந்து ஓட்டுகிறேன் என்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ஸ்டேபிளின் மேல் எழுத்துரு, ஆவணம், எளிய ஸ்கிரிப்ட் போல எதற்கும் தொகுக்கப்படாத பொதிகளை எடுப்பதும் அனேகமாகத் தொல்லை தராது. ஸ்டேபிளின் மேல் சிட்டின் ஜிலிப்சியை ஏற்றுவது எந்த எண்ணைப் போட்டாலும் தவறுதான். இரண்டு ஆண்டு வயதான ஸ்டேபிளில் அந்த இடைவெளி இன்னும் பெரிது. வெளியீடு புதிதாக இருக்கும்போது பழகிய துணிச்சல் பின்னாளில் உதவாது. ஊழியர்களோ மாணவர்களோ நம்பியிருக்கும் சேவையகத்தில் எந்தக் கலப்பும் வேண்டாம்.

கலந்தே ஆக வேண்டியவர்கள் கட்டளையை முதலில் ஒத்திகையாக ஓட்டிப் பாருங்கள். ஆப்ட்டில் அதற்குத் தெரிவு இருக்கிறது. நீக்கப்படுபவை என்ற பட்டியல் காலியாக இருக்க வேண்டும். இலக்குக் கிளையை மாற்றும் 'டி' தெரிவைப் போட்டால், அந்தக் கட்டளை இழுக்கும் சார்புகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள். பட்டியல் கோப்பில் 'ஸ்டேபிள்', 'டெஸ்டிங்' என்று எழுதாமல் புக்வார்ம், டிரிக்ஸி என்று பெயரையே எழுதுங்கள். வெளியீட்டு நாளன்று 'ஸ்டேபிள்' என்ற சொல் சுட்டுவது வேறொன்றாகிவிடும். பிழை கண்டு டெபியனுக்கு அறிக்கை அனுப்பும்போது, உங்கள் கிளைகளின் எண்களையும் அறிக்கைக் கருவி சேர்த்தே அனுப்பும். பராமரிப்பாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். அவர் கலப்பைக் காட்டி 'இது எங்களிடம் நிகழாது' என்று சொன்னால் கோபப்படாதீர்கள். உங்களிடம் இருப்பது அவர் வெளியிட்ட டெபியன் அல்ல.

இன்று மாலை உங்கள் கணினியில் 'ஆப்ட் பாலிசி' என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். களஞ்சியங்களும் அவற்றின் எண்களும் வரிசையாக வரும். நீங்கள் எப்போதோ சேர்த்து மறந்த ஒரு வரி அதில் இருந்தால், அதன் எதிரே இருக்கும் எண் 100க்குக் கீழே இருந்தால், அங்கிருந்து வந்த பொதிகள் எவை என்று தேடி இன்றே ஒரு முடிவெடுங்கள்.